எங்கள் வீட்டில் நீங்கள்தான் இன்னும் பொறுப்பாளர்

தம்பிக்கு,

போன கிழமை பொபினியில் பிரெபெக்தூர் என்கிற அரசாங்கக் கந்தோருக்குப் போயிருந்தேன். பத்து வருட வதிவிட அட்டையைப் புதுப்பிப்பதற்குக் கைரேகை வைக்கவேண்டும். எட்டு மணிக்கு வரிசையில் நின்று, பத்தரைக்கு உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். இலக்கம் கூப்பிடும் திரை அன்றைக்கு வேலை செய்யவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் தடித்த பேனையால் எதையோ எழுதினாள். அதைப் படித்த சனமெல்லாம் ஒரேயடியாகப் பெருமூச்சு விட்டது. எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பேனையின் வாசம், பெற்றோலோடு இனிப்பைக் கலந்தது மாதிரி, மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீங்கள் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டீர்கள். நீங்கள் செத்துப்போய் அன்றைக்கு இருபத்துமூன்றாம் நாள்.

மூன்று மணி வரை அங்கே இருக்கவேண்டி வந்தது. எழும்பினால் இடம் போய்விடும், இருந்தால் வாசம் விடாது. அந்த நேரத்தில்தான் உங்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தேன். நான் சொல்லச் சொல்ல, எங்கள் கட்டடத்தில் கீழ்மாடியில் இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதுகிறார். என் பேச்சை எழுத்துத் தமிழாக்கி விடுகிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதும்படி கேட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் உங்களால் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் நீங்கள் பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்தீர்கள். மரக்கறிக் கடைக்கு மேலே இரண்டு அறை. அதற்குப் பெயர் தொலைக்காட்சி நிலையம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து நடத்தினார்கள். விடியற்காலையில் சென் தெனியில் கந்தோர்கள் துப்புரவாக்கிவிட்டு, பத்து மணிக்கு அங்கே வந்து கூட்டித் துடைத்துத் தேநீர் போடுவது என் வேலை. செய்தி வாசிக்கிற சுகந்தி, யன்னலுக்கு வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ போகும்போதெல்லாம் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பிறகு தொடங்குவாள். முதல் நாள் நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். லண்டனில் ஒரு பெரிய தொலைக்காட்சியில் முப்பது வருடம் இருந்தவர், கழுத்துப்பட்டியோடு, எங்கள் ஈரத் தும்புத்தடிக்குப் பக்கத்தில்.

"ஏன் நிப்பாட்டுறீர்?"

"ரயில் சேர்."

"போகட்டுமே. ரயில் போற இடத்திலை இருந்துதானே வாசிக்கிறீர். சனத்துக்கும் அது தெரியட்டும்."

பதினொரு வயதில் லண்டனுக்குப் போனவர் நீங்கள். உங்கள் தமிழும் அந்த வயதோடு நின்றுபோயிருந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர் கோபம் வந்தால், விளையாட்டில் ஏமாற்றுகிற பொடியனைப் பார்த்துக் கத்துவது மாதிரி, "டேய், அளாப்பாதை!" என்று கத்துவீர்கள். சுகந்தி சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு, "சேர், இஞ்சை ஒருத்தரும் மாபிள் விளையாடேல்லை" என்பாள்.

நான் எழுத்துத் தெரியாததை மறைத்துப் பழகியவன். அறுபது வயது வரை ஒரே சொல்தான்: கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். சுவரை நிறைத்து நீங்கள் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினீர்கள். கிழமையில் ஏழு நாளும், நாளில் எந்த மணிக்கு எந்த நிகழ்ச்சியும் நிறம் நிறமாக அதில் இருக்கும். ஒரு நாள் எனக்கு எதையோ எழுதித் தந்தீர்கள். நான் வழக்கம்போலக் கண்ணாடிக் கதையைச் சொன்னேன்.

"அண்ணை, ஆறு கிழமையா அந்தக் கண்ணாடி வீட்டிலை தனியாக் கிடக்குது. அதுக்கு அலுக்காதோ?"

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "பலகையிலை செவ்வாய்க்கிழமைக்கு என்ன இருக்கு?" என்று கேட்டீர்கள். நீங்களும் சுகந்தியும் திங்கட்கிழமை அதைப் பற்றிச் சண்டை பிடித்தபோது நான் கதவடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் மட்டுமல்ல, ஏழு நாளையும் சொன்னேன். சுகந்தி எதை மாற்றச் சொன்னாள், நீங்கள் எதற்கு மாட்டேன் என்றீர்கள் என்பதையும் சொன்னேன். மற்றவர்கள் பேசியதைத் திருப்பிச் சொன்னால் அவர்களுடைய குரலும் என்னையறியாமல் வந்துவிடும். சுகந்தியின் குரலில் நான் "சேர், உது சரிவராது" என்று சொன்னதைக் கேட்டு நீங்கள் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு இருந்தீர்கள். அடுத்த நாளே தும்புத்தடியை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, என்னைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருத்தினீர்கள்.

எங்கள் சனத்துக்குத் தொலைக்காட்சி என்றால் முதலில் மரண அறிவித்தல்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் என்று தொடங்கி, மகன் கனடா, மகள் சுவிஸ், மைத்துனர் ஜேர்மனி என்று ஒரு பெயர் விடாமல் வாசிக்கவேண்டும். ஒரு மச்சானின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவரை விட்டுவிட்டு எங்களை ஏசுவார்கள். அந்த வருடம் பங்குனியிலிருந்து வன்னிப் போர்ச் சாவுகள் வரத் தொடங்கின. உடல் இல்லை, வைத்தியர் இல்லை, கடதாசி இல்லை. தொலைபேசியில் ஒரு குரல் மட்டும் இருந்தது. லண்டனிலிருந்து நீங்கள் கொண்டுவந்த சட்டத்தை அப்போது போட்டீர்கள்: கண்ணால் கண்ட இரண்டு பேர், தனித்தனியாகச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அறிவித்தல் இல்லை.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் ஒருவருடைய சாவு உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் சுவிஸிலிருந்து மருமகன் தொலைபேசி எடுத்து, அங்கே கண்ணால் கண்டவர் சொன்னதென்று சொன்னார். இரண்டு மணித்தியாலம் கழித்து, சென் தெனியிலிருந்து ஒரு பெண் எடுத்து, கண்ட வேறொருவர் சொன்னதென்று சொன்னாள். நான் இரண்டையும் உங்களுக்கு ஒப்புவித்தேன். மனேச்சர் வாய்க்கால் கரையில் கிடந்தாராம், இடது காலில் செருப்பு இல்லையாம். பெண் சொன்னதும் அதேதான், அதே ஒழுங்கில், செருப்பு உட்பட.

நீங்கள் விரலைத் தூக்கினீர்கள். "ரெண்டு பேரும் ஏன் அண்ணை ஒரே செருப்பைக் கண்டவை?"

"ஒரே ஆள்தானே கிடந்தவர்."

"ஒருதன் காலைப் பாப்பான். இன்னொருதன் முகத்தைப் பாப்பான். ரெண்டு பேரும் செருப்பைத்தான் சொல்லினமெண்டா, ரெண்டு பேரும் பாக்கேல்லை. மூண்டாவது ஆள் ஒருதன் சொன்னதைக் கேட்டவை."

உறவினர்கள் படியேறி வந்து கத்தினார்கள். "லண்டன் கோட்டைக் கழட்டிப்போட்டுக் கதை. எங்கடை ஆள் செத்ததுக்கு உன்ரை அனுமதி வேணுமோ?" என்று ஒருவர் மேசையில் அடித்தார். நீங்கள் அந்தப் பதினொரு வயதுத் தமிழில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றீர்கள், ஆனால் அறிவித்தலைப் போடவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, செட்டிகுளம் முகாமிலிருந்து அந்த மனேச்சரே எடுத்தார். அவருடைய பெயரை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் உள்ளே போய், பலகையில் எதையோ அழித்துவிட்டுத் திரும்ப எழுதினீர்கள். எழுத அன்றைக்கு ஒன்றும் இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

பிறகு என் முறை வந்தது.

எங்களுக்கு ஒரே மகன். கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். நானும் மனைவியும் பிரான்சுக்கு வந்துவிட்டோம், அவன் வர மறுத்துவிட்டான். ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, முகாமிலிருந்து இரவல் தொலைபேசியில் ஒரு மனிதர் எடுத்தார். பெயர் சொல்லவில்லை. அவர் பேசியது இவ்வளவுதான்:

"ஐயா, நான் உங்கடை மகனோடை கடைசியா வந்தனான். அவர் எனக்கு முன்னாலை ஓடினவர். ஷெல் விழுந்தது. அவரும் விழுந்தவர். நான் என்ரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். திரும்பிப் பாக்கேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தொடர்பு அறுந்துவிட்டது. அப்படியே உங்களிடம் சொன்னேன், அந்த மனிதரின் குரலில். நீங்கள் எழும்பி வந்து என் தோளில் கைவைத்தீர்கள். பிறகு மெதுவாக, "விழுந்தவர் எண்டுதான் சொன்னவர், அண்ணை. செத்தவர் எண்டு சொல்லேல்லை" என்றீர்கள். அந்த வசனத்துக்காக உங்களை நான் எவ்வளவு காலம் வெறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் மனைவி சாப்பாட்டை விட்டாள். ஒரு அறையும் குசினியுமான வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு ஆபிரிக்கக் குடும்பம், மேலே ஒரு கிழவர். வாயில் சீலைத்தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். "நாலு சனத்துக்குச் சொல்லி அழவேணும். இதுக்குள்ளை இருந்து எப்பிடி அழுறது? அறிவித்தலைப் போடச் சொல்லுங்கோ. சனம் வரட்டும்." அறிவித்தல் இல்லையென்றால் சனம் வராது. சனம் வராவிட்டால் எட்டாம் நாளும் இல்லை, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் இல்லை. மகனின் படத்துக்கு மாலை போடுவதா, வேண்டாமா என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

ஐந்தாம் நாள் ஜேர்மனியிலிருந்து ஒரு தூரத்து உறவுக்காரி எடுத்தாள். முன்னாலே ஓடினாராம், ஷெல் விழுந்ததாம், அவரும் விழுந்தாராம், திரும்பிப் பார்க்கவில்லையாம். அதே செருப்பு, தம்பி. எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அறையில் அப்போது வேறு ஒருவரும் இல்லை.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன்: இரண்டாவது ஆளும் சொல்லிவிட்டார், கண்ணால் கண்டவர். அவள் படத்தை மேசையில் வைத்தாள். முதல் தடவையாக ஒரு வாய் தேநீர் குடித்தாள். அடுத்த நாள் காலை உங்களிடம் வந்து இரண்டாவது சாட்சியைச் சொன்னேன். மெத்ரோவில் வரும்போதே வசனங்களை ஒழுங்காக்கி வைத்திருந்தேன். "நானே கண்டனான். மூண்டு பேராச் சேந்து மண் மூடினனாங்கள். தலைமாட்டிலை ஒரு கல்லு வைச்சனாங்கள்." என் பிள்ளையை என் வாயாலேயே புதைத்தேன்.

நீங்கள் கேட்டீர்கள். திரும்பச் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். அடுத்த நாளும் சொல்லச் சொன்னீர்கள். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. என் நினைவு அதற்கும் உதவியது.

சுகந்தியைக் கீழே கடைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"அண்ணை, ஆற்றை பேச்சைச் சொன்னாலும் நீங்கள் அவையின்ரை குரலிலைதான் சொல்லுவியள். இதை உங்கடை குரலிலை சொல்லுறியள்."

மேம்பாலத்தில் மெத்ரோ போய் முடிந்தது. பிறகு நான் மரியாதையெல்லாம் விட்டுவிட்டுக் கத்தினேன். "உனக்குப் பிள்ளை இருக்கோ? பிள்ளை இருந்தாத் தெரியும்! பலகையோடை கதைக்கிறவனுக்கு என்ன தெரியும்!" நீங்கள், "இல்லை அண்ணை, பிள்ளை இல்லை" என்றீர்கள். அவ்வளவுதான். அறிவித்தல் போகவில்லை.

வீட்டில் நான் என்ன சொல்வது? பொய் சொன்னேன், பிடிபட்டுவிட்டேன் என்றா? "அந்த லண்டன்காரன் விடமாட்டானாம்" என்றேன். வேறு இடத்தில் போடுவோம் என்றாள். எல்லா இடத்திலும் அவருடைய சொல்தான் போகிறது என்றேன். அன்றிலிருந்து அவள் விளக்குக் கொளுத்தும்போது ஒவ்வொரு நாளும் உங்களை ஏசினாள். "என்ரை பிள்ளைக்கு ஒரு அறிவித்தல் குடுக்காதவன், தனக்கு ஒரு அறிவித்தல் இல்லாமல் போகவேணும்." பக்கத்தில் நின்று நெருப்புக்குச்சி பிடித்தவன் நான்.

இரண்டு மாதம் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தேநீரை வைத்துவிட்டுப் போவேன். ஒரு மத்தியானம் கீழேயிருந்து இரண்டு ரோல்ஸ் வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தீர்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். உங்களைத்தான் ஏசுகிறாள், நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன் என்றேன். கோபிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் லண்டன் கதையின் மிச்சத்தைச் சொன்னீர்கள்.

அதுவரை உங்கள் உத்தியோகக் கதையில் பாதிதான் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் மாடிக்கு மாடி ஒளிநாடாப் பெட்டி தூக்கிக்கொண்டு ஓடியது. பிறகு வெட்டி ஒட்டுகிற அறை, பிறகு செய்தி, பிறகு பெரிய விவரணப் படங்கள். நாற்பத்திரண்டு வயதில் கண்ணாடி அறை, பெயர் எழுதிய கார் தரிப்பிடம், நீண்ட மேசையில் நீங்கள் ஒருவர்தான் எங்கள் நிறம். "அங்கை எனக்குக் கீழை நூற்றைம்பது பேர் அண்ணை. இஞ்சை ரெண்டரை." "அரை ஆர் தம்பி?" "நான்தான்." இந்தப் பகிடியை நீங்கள் ஒவ்வொரு மாதமும் சொல்வீர்கள்.

மற்றப் பாதி இதுதான். ஒரு பள்ளிக்கூடக் காவற்காரன் பிள்ளைகளை அடிக்கிறான் என்று இரவு எட்டு மணிக்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டு சாட்சி. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அது ஒளிபரப்பான பிறகுதான் தெரிந்தது, இரண்டு சாட்சியும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒருத்தி சொன்னதை மற்றவள் சொன்னது. அந்த மனிதன் வேலையை இழந்தான், வீட்டை இழந்தான். குற்றமில்லை என்று பின்னால் வந்தது, ஆனால் அதை ஒருவரும் எட்டு மணிக்குப் போடவில்லை.

"உங்களைத் தண்டிச்சவையோ?"

"இல்லை அண்ணை. விசாரிச்சுத் தகவல் எடுத்த பிள்ளை ஒண்டு, இருபத்தாறு வயசு. பழியை அவளிலை போட்டிச்சினம். அவள் எனக்குச் சொன்னவள், ஒருக்கா வடிவாப் பாப்பம் எண்டு. நான்தான் நேரமில்லை எண்டனான். விசாரணை மேசையிலை இருந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அவளை அனுப்பினவை. எனக்கு அடுத்த வருசம் பதவி உயர்வு."

அதன் பிறகு எட்டு வருடம் அந்தக் கண்ணாடி அறைக்குள் இருந்ததாகச் சொன்னீர்கள். எல்லோரும் உள்ளே பார்ப்பார்கள், நீங்கள் எல்லோரையும் பார்ப்பீர்கள். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனால் வெளியே போக முடியவில்லை. ஆட்குறைப்பு என்று அவர்களாகவே அனுப்பியபோதுதான் மூச்சு வந்ததாம். ரோல்ஸை முடித்துவிட்டுக் கையைத் துடைத்தீர்கள்.

"அக்கா ஏசட்டும். எனக்குப் பதிலா ஒரு பிள்ளை ஏச்சு வாங்கினது. இது எனக்குக் கணக்குச் சரிதான். நீங்கள் சொல்லவேணுமெண்டு எப்ப நினைக்கிறியளோ, அப்ப சொல்லுங்கோ. எனக்காண்டிச் சொல்லாதைங்கோ."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் பதினைந்து வருடம் சொல்லாமல் இருந்தேன்.

நாலு வருடத்தில் கடைக்காரர்கள் உங்களையும் அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை சினிமாப் பாட்டு இருந்தால் போதும் என்றார்கள். பலகையைக் கழற்றிய இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது. நீங்கள் பாரிஸுக்கு வெளியே கூசேன்வில்லில் ஒரு வாகனத் திருத்துமிடத்துக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு போனீர்கள். லண்டனுக்குத் திரும்பிப் போகவில்லை. "அந்தப் பிள்ளை இருக்கிற ஊர் அண்ணை. எந்த ரயிலிலை எதிரை வருவாளோ தெரியாது."

நீங்கள் வேலையை விட்டதை நான் வீட்டில் சொல்லவே இல்லை. சொன்னால், இனித் தடையில்லை, அறிவித்தலைப் போடுங்கோ என்பாள். போட்டால் என் பொய் செய்தியாகிவிடும். கால் வீக்கத்தால் அவள் வெளியே போவது குறைவு, எனக்கு அது வசதியாகப் போயிற்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கூசேன்வில்லுக்கு உங்களைப் பார்க்க வரும்போது சொன்னேன், "தம்பி, எங்கடை வீட்டிலை நீங்கள்தான் இன்னும் பொறுப்பாளர்." நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "என்ரை உத்தியோகத்திலை ஆகக் கூடின காலம் இதுதான் போலை. கதிரையாவது பெரிசோ?" பிறகு ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள், "கந்தோர் எப்பிடிப் போகுது அண்ணை? இந்தக் கிழமையும் நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டனோ?"

ரொய்சியில் இறங்குகிற விமானங்கள் உங்கள் யன்னலை உரசுவது மாதிரிப் போகும். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பீர்கள். இதை ஏழரைக்குப் போட்டிருக்கக்கூடாது, அதை இதற்கு முன்னால் போட்டிருக்கவேண்டும் என்று சுவருக்குச் சொல்வீர்கள். நான் பக்கத்தில் இருப்பேன். ஒருவர் பொய்யை மற்றவர் காவல் காத்துக்கொண்டு, இரண்டு கிழவர்கள் இருந்தோம்.

இந்த மாசியில் நெஞ்சுவலி வந்து மூன்றாம் நாள் போய்விட்டீர்கள். எரிக்கிற இடத்துக்கு ஆறு பேர் வந்தோம். சுகந்தி இப்போது தனியாகத் தொலைபேசியிலேயே ஒரு சேவை நடத்துகிறாள். உங்கள் அறிவித்தலை அவளே வாசித்தாள். எனக்கு அது தெரியாது. நான் உங்களை வழியனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, மனைவி கட்டிலில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுகந்தியின் குரல்: எமது தொலைக்காட்சியில் நான்கு ஆண்டுகள் பொறுப்பாளராகக் கடமையாற்றி, பின்னர் கூசேன்வில்லில் ஓய்வாக வாழ்ந்தவரும்...

நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். மூன்றாம் தரமும் போட்டாள்.

"நாலு வருசமோ?"

நான் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"அப்ப மிச்சப் பதினொரு வருசமும் ஆர் அங்கை இருந்து மாட்டனெண்டு சொன்னது? இஞ்சை பாருங்கோ. ஆர்?"

"நான்தான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது சாட்சி இல்லை, நான் உண்டாக்கியது. மண் மூடியது இல்லை, கல் இல்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். பதினைந்து வருடம் செத்துவிட்டான் என்று அழுது முடித்த ஒருத்திக்கு, செத்தானோ தெரியாது என்று சொல்வதைப் போல ஒரு கொடுமை இல்லை. அதனால்தான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். பிடிபடுகிற பயம்தான் பெரிது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"முதல் ஆள் சொன்னதைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாமல்."

சொன்னேன். அந்த மனிதரின் குரல் என் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு உங்களிடம் சொன்ன பிறகு அதை நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னொருமுறை சொல்லச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"பிள்ளை முன்னாலை ஓடினவன். அந்தாள் பின்னாலை."

"ஓம்."

"முன்னாலை ஓடினவன் விழுந்தால், பின்னாலை வந்தவன் அவனைத் தாண்டித்தானே ஓடவேணும்? பேந்து ஏன் திரும்பிப் பாக்கவேணும்? தாண்டேக்கை பாத்திருப்பார்தானே?"

தம்பி, நான் கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன். எத்தனை ஆயிரம் தடவை அந்த வசனங்களை மனதுக்குள் ஓட்டியிருப்பேன். ஒரு சொல் தவறவில்லை. ஆனால் அந்த மனிதர் என் மகனைத் தாண்டிப் போயிருக்கிறார் என்பது எனக்கு ஒருநாளும் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை, முப்பது வருடம் லண்டனில் சாட்சிகளைத் தோண்டியவருக்கும். விழுந்தாரா செத்தாரா என்று நாங்கள் இருவரும் மேசையில் வைத்துப் பிய்த்துக்கொண்டிருந்தோம். ஓடுகிற இரண்டு பேரையும் அவள்தான் பார்த்தாள். அவர் பார்த்திருக்கிறார். என்ன பார்த்தாரோ, அதைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அவள் இப்போது உங்களை ஏசுவதில்லை. விளக்குக் கொளுத்தும்போது என்னை ஏசுகிறாள். உங்களுக்குச் சொன்ன அதே சொற்களைத்தான் சொல்கிறாள், ஆளை மட்டும் மாற்றியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சுகந்தி எடுத்துச் சொன்னாள், "அப்பு, இப்ப ஒரு சட்டமும் இல்லை, படம் ஒண்டை அனுப்பினாக் காணும், நாளைக்கே போடலாம்" என்று. மனைவி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, "வேண்டாம் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அவளே லா சப்பலுக்கு அனுப்புகிறாள். பாலத்தடியில், தேநீர்க் கடை வாசலில் இருக்கிறேன். பிரான்சில் இருக்கிற எங்கள் சனம் மட்டுமல்ல, சுவிஸ், லண்டன், ஜேர்மனி என்று எங்கேயிருந்து வந்தாலும் அந்தத் தெருவால்தான் சாமான் வாங்கப் போகும். ஆளை எனக்குத் தெரியாது. குரலைத் தெரியும். பதினைந்து வருடத்தில் குரல் தடித்திருக்கும், அவர் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை வளர்ந்திருக்கும். அவர் கடலைத் தாண்டினாரா, முகாமிலேயே முடிந்தாரா, அதுவும் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தங்களுக்குள் எழும்ப முடியாமல் இருக்கிறேன். எழும்பினால் அந்த நிமிடத்தில் போய்விடுவாரோ என்று இருக்கிறது.

போகும்போது ஒவ்வொரு முறையும் அவள் வாசல் வரை வந்து சொல்லி அனுப்புகிறாள்:

"செத்தவனோ எண்டு கேக்காதைங்கோ, அந்தாள் பயந்து போயிடும். தாண்டேக்கை என்ரை பிள்ளை உங்களைப் பாத்தவனோ எண்டு மட்டும் கேளுங்கோ."